ஏடிஹெச்டி, ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மாத்திரை: 'வேணுமா, வேண்டாமா' என்று முடிவெடுக்கும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மாத்திரையா?"

குழந்தைக்கு டாக்டர் முதல்முறையாக மருந்து எழுதிக் கொடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். அடுத்தது ஊரில் இருந்து போனில் வரும்: "அவங்க அப்பாவே அஞ்சு வயசுலதான் பேசினான். இவனுக்கு எதுக்கு மருந்து?" அன்று ராத்திரி நீங்கள் கூகுளில் தேடினால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். மருந்து குழந்தையை மந்தமாக்கிவிடும், அடிமையாக்கிவிடும் என்கிறது ஒன்று. மூன்றே மாதத்தில் முழுக் குணம் என்கிறது இன்னொன்று.

இரண்டையும் நம்பி முடிவெடுக்க முடியாது. பல குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் "மருந்து வேணுமா, வேண்டாமா" என்ற ஒற்றைக் கேள்விதான். அதை நான்காகப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பிரச்சினைக்காக இந்த மருந்து? பலன் தெரிகிறதா என்று எப்படி அளப்பது? எப்போது திரும்பப் பார்ப்பது? எப்படி நிறுத்துவது? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் மருந்து என்பது அளந்து பார்க்கக்கூடிய ஒரு முயற்சி. பதில் இல்லாவிட்டால், தொடர்வதும் குழப்பம், நிறுத்துவதும் குழப்பம்.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம் வீட்டில் மட்டுமா?

நிச்சயமாக இல்லை. ஹரியாணாவின் பல்வல், ஹிமாச்சலின் காங்ரா, ஒடிசாவின் தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் குழந்தைகளைப் பரிசோதித்து நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. வளர்ச்சி சார்ந்த குறைபாடுகளில் ஏதாவது ஒன்று, 2 முதல் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 9.2 சதவீதம் பேருக்கும், 6 முதல் 9 வயது வரை உள்ளவர்களில் 13.6 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஆட்டிசம், ஏடிஹெச்டி, கற்றல் குறைபாடு, வலிப்பு, பேச்சுக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

இவர்களில் எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. பலருக்கு பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி, பெற்றோருக்கான பயிற்சி ஆகியவைதான் முதல் தேவை. மருந்து வரும் இடங்கள் சில. அவற்றைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் குறையும்.

மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது?

முதலில் செய்யாததைச் சொல்லிவிடுவோம். ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை, அதாவது பிறருடன் பழகும் விதம், பேச்சு, திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள் ஆகியவற்றை மாற்றும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. "பேச்சு வர்றதுக்கு மாத்திரை" என்று யாராவது கொடுத்தால், எந்த ஆதாரத்தில் என்று கேளுங்கள். கற்றல் குறைபாட்டுக்கும் மாத்திரை கிடையாது.

சரி, அப்போ மருந்து எதுக்கு? முக்கியமாக நான்கு விஷயங்களுக்கு. ஒன்று, ஏடிஹெச்டியில் வரும் கவனச்சிதறலும் அளவுமீறிய துறுதுறுப்பும். இரண்டு, ஆட்டிசத்துடன் வரும் கடும் ஆத்திரம், தன்னையே அடித்துக்கொள்வது, பிறரைத் தாக்குவது. மூன்று, தீராத தூக்கப் பிரச்சினை. நான்கு, கூடவே இருக்கக்கூடிய வலிப்பு, கடும் பதற்றம் போன்றவை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கண் நிலைகுத்தி நிற்பது, வந்த பேச்சு திடீரென மறைவது போன்றவற்றைக் கண்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இந்த மருந்துகளை எழுதக்கூடியவர் யார் என்பதிலும் குழப்பம் உண்டு. மனநல மருத்துவர், குழந்தைகள் மனநல மருத்துவர், வளர்ச்சிசார் குழந்தை மருத்துவர், குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் போன்றவர்கள் எழுதலாம். சைக்காலஜிஸ்ட்டும் தெரபிஸ்ட்டும் மருந்து எழுதுபவர்கள் அல்ல. ஆனால் உங்கள் குழந்தையை வாரம் இரண்டு முறை பார்க்கும் தெரபிஸ்ட் கவனித்தது, மருந்து எழுதும் டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பாலம் பெரும்பாலும் நீங்கள்தான்.

ஏடிஹெச்டி மருந்து எப்படி வேலை செய்கிறது?

இந்தியாவில் அதிகம் பயன்படுவது மெத்தில்பெனிடேட். மூளையில் டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருட்கள் கிடைக்கும் அளவை இது உயர்த்துகிறது. கவனத்தைப் பிடித்து வைக்கவும், 'கொஞ்சம் பொறு' என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளவும் அது உதவுகிறது. சாப்பிட்ட அன்றே வேலை தெரியும், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒரு நாள் முழுக்க வேலை செய்யும் நீண்டநேர மாத்திரைகளும் உண்டு.

இன்னொரு மருந்து அடோமாக்ஸெடின். இது மெதுவாக வேலை செய்யும். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் வரை ஆகலாம். பத்தாவது நாளில் "ஒண்ணும் மாறலையே" என்று நிறுத்தினால், அந்த மருந்து பலன் தருமா என்பதே தெரியாமல் போய்விடும்.

வயதும் முக்கியம். 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது, பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. 6 வயதுக்கு மேல் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து. 4 வயதுக் குழந்தைக்கு முதல் சந்திப்பிலேயே மாத்திரை எழுதப்பட்டால், பயிற்சியை முதலில் முயன்று பார்க்கலாமா என்று கேட்பதில் தவறே இல்லை.

மெத்தில்பெனிடேட்டில் அதிகம் காணப்படும் பக்கவிளைவுகள் பசி குறைவது, தூக்கம் வரத் தாமதமாவது, தலைவலி, வயிற்றுவலி. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று உயரலாம். எடை கூடுவதும் உயர வளர்ச்சியும் சிலருக்குக் கொஞ்சம் மெதுவாகலாம். அதனால்தான் ஒவ்வொரு செக்கப்பிலும் உயரம், எடை, பிபி, நாடி பார்க்கப்பட வேண்டும். குழந்தைக்கு விளையாடும்போது மயக்கம் வந்திருந்தாலோ, இதய நோய் இருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம்வயதில் திடீரென இதயக் கோளாறால் இறந்திருந்தாலோ மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அடோமாக்ஸெடினில் அரிதாக, தற்கொலை எண்ணம் தலைகாட்டலாம் என்ற எச்சரிக்கை உள்ளது. முதல் சில வாரங்களில் மனநிலை மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்.

பசி விஷயத்தைச் சமாளிக்க எளிய வழி உண்டு. மாத்திரைக்கு முன்பே காலை டிபன் வயிறு நிறையக் கொடுங்கள். மதியம் லன்ச் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வந்தால் திட்ட வேண்டாம், அது மருந்தின் வேலை. மருந்து இறங்கும் சாயங்கால நேரத்தில் பசி திரும்பும். அப்போது ஒரு பாக்கெட் பிஸ்கெட்டோடு முடிக்காமல் தோசை, முட்டை, சுண்டல் என்று சாப்பாடாகவே கொடுக்கலாம்.

அடிமையாகிவிடுமா? மந்தமாகிவிடுமா?

இந்த இரண்டு பயத்துக்கும் நேரான பதில் உண்டு. டாக்டர் சொன்ன அளவில், ஏடிஹெச்டிக்காக இந்த மருந்தை எடுத்துக்கொண்ட குழந்தைகள் பின்னாளில் போதைப் பழக்கத்துக்கு ஆளாகும் வாய்ப்பு அதனால் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் டீன் ஏஜில், பரீட்சைக்காக நண்பர்கள் கேட்டு வாங்கும் ஆபத்து உண்டு. எனவே மாத்திரை பெரியவர்கள் கையில், பூட்டிய இடத்தில் இருப்பது நல்லது.

குழந்தை பேச்சே இல்லாமல், முகத்தில் உணர்ச்சியே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அதை "இப்பதான் அமைதியா இருக்கான்" என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். டோஸ் அதிகம், அல்லது மருந்து ஒத்துவரவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடியும். குழந்தையின் கலகலப்பு, மருந்துக்குக் கொடுக்க வேண்டிய விலை அல்ல.

ஆட்டிசம்: ஆத்திரத்துக்கு மருந்து தரும் முன் ஒரு கேள்வி

பேச்சு வராத குழந்தை திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறது, கையைக் கடித்துக்கொள்கிறது. உடனே மருந்தா? அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எங்காவது வலிக்கிறதா? பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தலைவலி, மாதவிடாய் வலி. "வலிக்குது" என்று சொல்ல முடியாத குழந்தைக்கு அடித்துக்கொள்வதுதான் மொழி. வீடு மாறியது, டீச்சர் மாறியது, பள்ளியில் யாரோ அடிப்பது போன்ற காரணங்களும் இருக்கலாம். பல்லைப் பார்த்து, வயிற்றைப் பார்த்து, தூக்கத்தை விசாரித்த பிறகு வருவதுதான் மருந்து. இந்தப் படியைத் தாண்டிப் போனால், சொத்தைப் பல்லுக்கு மனநல மருந்து கொடுத்த கதையாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் ஆத்திரம் குழந்தையையோ மற்றவர்களையோ காயப்படுத்தும் அளவுக்குப் போனால் மருந்துக்கு இடம் உண்டு. ஆட்டிசத்தில் வரும் கடும் எரிச்சலுக்கு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-ல் ரிஸ்பெரிடோனுக்கும் 2009-ல் அரிப்பிப்ரசோலுக்கும் ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன் 2002-ல் வெளியான ஆய்வில் 101 குழந்தைகள் பங்கேற்றார்கள். 8 வாரத்தில் ரிஸ்பெரிடோன் எடுத்தவர்களில் 69 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் அது 12 சதவீதம்தான்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்த 8 வாரத்தில் மருந்து எடுத்தவர்களின் எடை சராசரியாக 2.7 கிலோ கூடியது. மற்றவர்களுக்கு 0.8 கிலோ. பலன், விலை இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். ரிஸ்பெரிடோனில் எடை கூடுவது, அதிகத் தூக்கம், ரத்தச் சர்க்கரை மற்றும் கொழுப்பு உயர்வது, புரோலாக்டின் ஹார்மோன் கூடி மார்பு வீங்குவது, தானாகவே கை, வாய் அசைவது போன்றவை வரலாம். மருந்து தொடங்கும் முன்பே எடையும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவைத்தால்தான், பிறகு எது மருந்தால் வந்தது என்று தெரியும்.

மருந்தோடு பெற்றோருக்குப் பயிற்சியும் கொடுத்தால் என்ன ஆகும்? 124 குழந்தைகளிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட, பெற்றோரும் பயிற்சி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளிடம் நடத்தை அதிகம் முன்னேறியிருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்ட மருந்தின் அளவும் சற்றுக் குறைவு.

தூக்கத்துக்கு மெலடோனின்: மிட்டாய் மாதிரி வாங்கலாமா?

படுத்ததும் தூக்கம் வராத குழந்தைகளுக்கு மெலடோனின் உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பிரச்சினை வேறு இடத்தில். ஆன்லைனில் மிட்டாய் வடிவில் விற்கும் பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்பதே நிச்சயமில்லை. கனடாவில் விற்ற 31 மெலடோனின் பொருட்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. எனவே டாக்டர் சொன்ன தயாரிப்பு, சொன்ன அளவு, சொன்ன நேரம் என்று போவதே சரி. அதற்கும் முன், படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் மொபைலும் டிவியும் இல்லாமல் முயன்று பாருங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

ஓபிடியில் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடமாக இருக்கலாம். கேள்விகளை மொபைலில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. இந்த மருந்து எந்த ஒரு பிரச்சினைக்காக? அது மாறினால் வீட்டிலும் பள்ளியிலும் எங்களுக்கு எப்படித் தெரியும்?
2. பலன் தெரிய எத்தனை நாள் ஆகும்? எப்போது திரும்ப வர வேண்டும்?
3. எந்தப் பக்கவிளைவுக்குக் காத்திருக்கலாம், எதற்கு உடனே போன் செய்ய வேண்டும்?
4. தொடங்கும் முன்னும் பிறகும் என்னென்ன பரிசோதனை?
5. ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது? வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா?
6. ஏற்கெனவே எடுக்கும் வலிப்பு மருந்து, சித்த, ஆயுர்வேத, ஹோமியோ மருந்துகளோடு ஒத்துவருமா?
7. பலன் இல்லாவிட்டால் எப்போது, எப்படி நிறுத்துவோம்?

ஆறாவது கேள்வியை மறைக்க வேண்டாம். தாத்தா கொடுக்கும் லேகியத்தைச் சொன்னால் டாக்டர் திட்டுவாரோ என்று பல வீடுகளில் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் வரும் பிரச்சினை, திட்டு வாங்குவதைவிடப் பெரியது.

பலனை எப்படி அளப்பது?

ஆபீஸில் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கும்போது, தொடங்கும் முன்பே எண்களை எடுத்துவைப்பீர்கள் அல்லவா? அதேதான் இங்கேயும். மருந்து தொடங்கும் முன் ஒரு வாரம், இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு, 7 வயதுப் பிள்ளை என்றால்: ஹோம்வொர்க்கில் எழுந்து ஓடாமல் எத்தனை நிமிடம் உட்கார்ந்தது, ஒரு நாளில் எத்தனை முறை அடித்தது, எத்தனை மணிக்குத் தூங்கியது. தொடங்கிய பிறகும் அதையே எழுதுங்கள். "கொஞ்சம் பரவாயில்லை டாக்டர்" என்பதைவிட "5 நிமிஷம் உட்கார்ந்தது இப்போ 15 நிமிஷம்" என்பதை வைத்து டாக்டர் முடிவெடுக்க முடியும்.

இன்னொரு விதி: ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புது மருந்து, புது தெரபி, புது டயட் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

இந்தக் கண்காணிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய, பெரிய ஆய்வு ஒன்று சாட்சி. அமெரிக்காவில் ஏடிஹெச்டி உள்ள 579 குழந்தைகளை நான்கு குழுவாகப் பிரித்து 14 மாதம் கவனித்து, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு, அளவைக் கவனமாகத் தேடி, மாதாமாதம் பார்த்து, ஆசிரியரிடமும் விசாரித்து மருந்து கொடுத்தார்கள். இன்னொரு குழு ஊரில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனது. அந்தக் குழுவிலும் சுமார் மூன்றில் இரண்டு பேர் மருந்து எடுத்தார்கள். ஆனாலும் கவனமாகக் கண்காணித்த குழுவுக்குத்தான் அறிகுறிகள் அதிகம் குறைந்தன. மருந்து எடுப்பது வேறு, சரியான அளவில், தொடர்ந்து பார்த்து எடுப்பது வேறு என்பதை இது காட்டியது. ஆய்வுக்காகக் கொடுத்த சிகிச்சை முடிந்த பிறகு, மூன்றாவது ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கு இடையே அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடும் சிகிச்சை இது இல்லை.

மருந்துக் கடையில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

மெத்தில்பெனிடேட் இந்தியாவில் 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் உள்ள மருந்து. சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும், ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இதற்குத் தனி உரிமம் வேண்டும் என்பதால் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. கடைக்காரர் கேள்வி கேட்டால் உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று நினைக்க வேண்டாம், சட்டம் அப்படி.

அதனால் மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே கடைக்கும் டாக்டருக்கும் போன் செய்துவிடுங்கள். வேலைக்காக பெங்களூருவில் இருந்து புனேவுக்கோ குருகிராமுக்கோ மாறுகிறீர்கள் என்றால், பழைய டாக்டரிடம் நோய் விவரம், இதுவரை முயன்ற மருந்துகள், அளவு, நிறுத்திய காரணம் எல்லாம் அடங்கிய ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருந்து திரும்பும் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே சகஜமாக எழுதப்படும் ஆம்ஃபெடமின் வகை ஏடிஹெச்டி மாத்திரைகள் இந்தியக் கடைகளில் விற்பதில்லை. விமானம் ஏறும் முன்பே மாற்று மருந்து பற்றிப் பேசிவிடுவது நல்லது.

நல்லாயிட்டான், நிறுத்திடலாமா?

இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். வலிப்பு மருந்து, ரிஸ்பெரிடோன், குளோனிடின் போன்றவற்றை நீங்களாகவே திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பு மருந்தை நிறுத்தினால் கடும் வலிப்பு வரலாம். குளோனிடினை நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறலாம். மெத்தில்பெனிடேட்டுக்கு லீவு நாட்களில் இடைவெளி விடும் வழக்கம் உண்டு. ஆனால் அதையும் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான்.

ரிஸ்பெரிடோனில் பலன் கண்ட 32 குழந்தைகளைச் சில மாதங்களுக்குப் பிறகு இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 16 பேருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், 16 பேருக்கு மெதுவாக வெறும் மாத்திரைக்கு மாற்றினார்கள். தொடர்ந்தவர்களில் 2 பேருக்கும், மாற்றப்பட்டவர்களில் 10 பேருக்கும் பழைய ஆத்திரம் திரும்பியது. அந்த 10-ஐ மட்டும் பார்க்காதீர்கள். மருந்து இல்லாமலும் 6 பேர் நன்றாகவே இருந்தார்கள். ஆக, வாழ்நாள் முழுக்க என்றும் இல்லை, வீட்டிலேயே நிறுத்திவிடலாம் என்றும் இல்லை. அவ்வப்போது திட்டமிட்டு, மெதுவாகக் குறைத்துப் பார்ப்பதுதான் வழி. பரீட்சை, வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது போன்ற நேரங்களில் அந்த முயற்சி வேண்டாம்.

'முழுக் குணம்' என்பவர்களிடம்

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்ற விளம்பரம் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சை பரிந்துரைக்கப்படவில்லை என்றும், அதை விளம்பரப்படுத்துவதும் எழுதிக் கொடுப்பதும் மருத்துவ நெறிமீறல் என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-ல் சொல்லியிருக்கிறது. உடலில் இருந்து உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சை இன்னும் ஆபத்தானது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2005-ல் ஆட்டிசம் உள்ள 5 வயதுக் குழந்தை ஒன்று அந்தச் சிகிச்சையின்போது உயிரிழந்தது. அவ்வளவு ஆபத்து இல்லாவிட்டாலும், 'பிரைன் டானிக்' என்று எழுதப்படும் பிராசெட்டம் போன்ற சிரப்புகளுக்கும் ஆட்டிசத்திலோ ஏடிஹெச்டியிலோ போதிய ஆதாரம் இல்லை.

இவற்றில் பணம் மட்டும் போவதில்லை. பேச்சுப் பயிற்சிக்கு உகந்த 3 வயதும் 4 வயதும் போகிறது. நகையை அடகு வைத்துச் செய்யும் சிகிச்சை என்றால், கையெழுத்துப் போடும் முன் ஒரு அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

செலவுக்கும் வழிகாட்டலுக்கும் எங்கே போகலாம்?

தேசிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் 2013-ல் தொடங்கியது. பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. அதன் கீழ் மாவட்டங்களில் ஆரம்பகாலத் தலையீட்டு மையங்கள் இயங்குகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ், வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் குழந்தைகள் மனநலத்துக்கான சிறப்புச் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. புறநோயாளி மருந்துச் செலவும் தெரபியும் அதில் வரும், ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு உண்டு. ஏடிஹெச்டி மட்டும் என்றால் இதில் சேர முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இருக்கின்றன. சான்றிதழ் வாங்கத் தயங்கும் பெற்றோர் பலர். அது குழந்தையின் நெற்றியில் ஒட்டும் பட்டம் அல்ல, பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற உரிமைகளுக்கான சாவி.

வீட்டுக்குள் ஒத்துப்போகாவிட்டால்?

அம்மா மாத்திரை கொடுக்கிறார், அப்பா ஞாயிற்றுக்கிழமை "இன்னைக்கு வேண்டாம் விடு" என்கிறார். பாட்டி வீட்டில் இருக்கும் இரண்டு வாரம் மருந்தே கிடையாது. இப்படி விட்டு விட்டுக் கொடுத்தால் பலனும் தெரியாது, பக்கவிளைவும் புரியாது. அடுத்த செக்கப்புக்கு இருவரும் ஒன்றாகப் போங்கள். எதிர்ப்பவரையே கேள்வி கேட்க விடுங்கள். "மூணு மாசம் பார்ப்போம், நோட்டில் இருக்கறதை வச்சுப் பேசுவோம்" என்ற ஒப்பந்தத்துக்கு வருவது, யார் சொல்வது சரி என்ற சண்டையைவிட எளிது.

எல்லோரோடும் பேசிய பிறகு பேச வேண்டியவர் இன்னொருவர் இருக்கிறார். குழந்தை. "இது சத்து மாத்திரை" என்று பொய் சொல்லிக் கொடுத்தால், பத்து வயதில் பாட்டில் லேபிளைப் படிக்கும் அன்று நம்பிக்கை உடையும். "சேட்டை பண்ணாம இருக்க இந்த மாத்திரை" என்றும் சொல்ல வேண்டாம், அது தண்டனையாகிவிடும். "கண்ணாடி போட்டா போர்டு தெளிவாத் தெரியற மாதிரி, இதைப் போட்டா கவனிக்கிறது கொஞ்சம் ஈஸியா இருக்கும். படிக்கிறது நீதான். வயிறு வலிச்சா, பிடிக்கலைன்னா எங்கிட்ட சொல்லு" என்று வயதுக்கு ஏற்ற மாதிரி சொல்லலாம். பேச்சு வராத குழந்தை என்றால் முகத்தையும் தூக்கத்தையும் தட்டையும் பார்த்து நீங்கள்தான் படிக்க வேண்டும். மருந்தைத் தொடரலாமா, மாற்றலாமா என்று முடிவெடுக்கும்போது உங்கள் நோட்டில் உள்ள எண்களோடு, அந்தக் குழந்தை சொன்னதும் காட்டியதும் ஒரு வரியாக இருக்கட்டும்.